கிங் வருவதற்கு முன் டெக்ஸ்டர் அவென்யூ சர்ச் எப்படி இருந்தது?

கேள்வி: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில், கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1954ல் போதகராகப் போன சின்ன செங்கல் பாப்டிஸ்ட் சர்ச்சைப் பற்றித்தான் கேட்கிறேன். எங்கே தேடினாலும் அவர் கதைதான் வருகிறது, அதற்கு முந்தையது யாருக்காவது தெரியுமா?

பதில் 1: 1877ல் கறுப்பின மக்கள் தொடங்கிய சபை. அது தொடங்கியதே, ஒரு காலத்தில் அடிமைகளை விற்பதற்காக அடைத்து வைத்த கொட்டடியில்தான். பிறகு மனை வாங்கி ஆலயம் எழுப்பினார்கள் பாருங்கள்!

பதில் 2: வெர்னன் ஜான்ஸை விட்டுவிட்டீர்களே அண்ணா. கிங்குக்கு முந்தைய போதகர். பிரசங்கத்தில் சபையாரையே விளாசுவார், அப்புறம் காய்கறியும் விற்பார். படித்த, வசதியான சபைக்காரர்களுக்கு அதுதான் பெரிய தலைக்குனிவு.

பதில் 3: கேள்விக்குக் கொஞ்சம் வெளியேதான், இருந்தாலும் சொல்கிறேன்: 1955ல் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதான மறுநாள் இரவு, பேருந்துகளைப் புறக்கணிப்பது பற்றிப் பேசக் கறுப்பினத் தலைவர்கள் கூடியது இந்தச் சர்ச்சின் கீழ்த்தளத்தில். அந்தப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.

கேட்டவர்: காய்கறி விஷயம் புதுசு, நன்றி!