செம்பருத்தி மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?

கொழுந்து: வணக்கம். ஒரே செடியில் வெட்டிய இரண்டு குச்சிகள். வாசலில் நட்டது தளதளவென்று வளர்கிறது. பின்பக்கம் நட்டது மஞ்சளாகிக் குன்றிப்போய் நிற்கிறது. வெயிலும் தண்ணீரும் ஒரே அளவுதான். யூரியா கொடுத்தும் பயனில்லை. அவசரம்.

வேர்முடிச்சு: தொட்டியா, தரையா? என்ன மண்? மஞ்சளாவது அடி இலையா, கொழுந்து இலையா? அடி இலை முதலில் வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மணற்காடு: களிமண்தான், சந்தேகமே வேண்டாம். நீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காமல் போயிருக்கும். இரண்டு கூடை மணல் கலந்துவிடுங்கள்.

மூத்தவேர்: மண்ணைப் பார்க்காமல் மருந்து சொல்லாதீர்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதுவது? களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கொஞ்சம் மணலைக் கலந்தால் மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு செங்கல் மாதிரி இறுகிவிடும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மணற்காடு: எனக்கு மணல் கலந்துதான் நன்றாக வந்தது ஐயா.

மூத்தவேர்: பாதிக்கு மேல் மணலாகும் அளவுக்குக் கொட்டியிருப்பீர்கள். அல்லது கூடப் போட்ட எரு செய்த வேலையாக இருக்கும். களித்துகள்களைக் குருணையாகச் சேர்த்துக் காற்றோட்டம் தருவது மட்கிய எருதான்.

நிழல்: சண்டை அப்புறம். கொழுந்து, கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

கொழுந்து: தரைதான். கொழுந்து இலைதான் மஞ்சள், நரம்பு பச்சை. பாட்டிலில் மணல்தான் அதிகம். சுவர் ஓரம், வீடு கட்டியபோது மிஞ்சிய சிமென்ட் கலவையை அங்கேதான் கொட்டினார்கள். அதைச் சொல்லவில்லை, முக்கியமா?

வேர்முடிச்சு: அதுதான் முக்கியம்! சிமென்ட் கலவையில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். பிஎச், அதாவது மண்ணின் அமில-கார அளவு, 7.5 தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. யூரியா தருவது தழைச்சத்து, இரும்பு இல்லை. அதனால்தான் அது பலிக்கவில்லை. உலர்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. காரைத் துண்டுகளைத் தோண்டி எடுத்துவிட்டு வாசல் மண்ணையும் எருவையும் நிரப்புங்கள். அதுவரை கீலேட் இரும்பை (செடி எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்பு) இலையில் தெளிக்கலாம்.

நிழல்: கந்தகம் போடலாமே?

வேர்முடிச்சு: நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும். காரை உள்ளேயே கிடந்தால் அந்த அமிலமும் வீண்தான்.

கொழுந்து: நுரைத்தது. தோண்டுகிறேன். நன்றி.

மணற்காடு: குழியின் அடியில் சரளை போடுங்கள், நீர் வடியும்.

மூத்தவேர்: வடியாது. மேல் மண் நீரில் நிறைந்த பிறகுதான் சரளைக்குள் ஒரு சொட்டு இறங்கும். சரளை வேண்டாம், கொழுந்து.