பொருள்: எழுத்துச்சிதைவா, எழுத்துப்பிறழ்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினிக்கு எண்களாக்கும் முறையில்) எழுதியதை வேறொரு குறியேற்றத்தில் படிக்கும்போது எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரியும். ஜப்பானியர் மொஜிபாகே என்று சொல்லும் இந்தக் கோளாறுக்குத் தமிழில் ‘எழுத்துச்சிதைவு’ போதும் என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘எழுத்துப்பிறழ்வு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையை வைத்தே காரணம் சொல்கிறேன். இந்தக் கோளாறின் எல்லா வகையும் அங்கே உண்டு.

ஐஆர்சி 1988-இல் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்காரினென் உருவாக்கியது. 1993-இல் வந்த நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1459, எந்தக் குறியேற்றத்தில் எழுத வேண்டும் என்று சொல்லவே இல்லை. எட்டு பிட் பைட்டுகள் (கணினி எழுத்துகளை வைத்துக்கொள்ளும் எண் அலகுகள்) போகும், வரும், அவ்வளவுதான். மின்னஞ்சலின் தலைப்பகுதியில் ‘இது இன்ன குறியேற்றம்’ என்று எழுத இடம் உண்டு. இங்கே அது கிடையாது.  

அதனால் ரஷ்ய அரட்டையில் ஒருவர் கேஓஐ8-ஆர், இன்னொருவர் விண்டோஸ்-1251 என்று ரஷ்ய எழுத்துக்கான இருவேறு குறியேற்றங்களில் எழுதி, ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாமல் போனது. சில வழங்கிகள் (அரட்டையை நடத்தும் கணினிகள்) ஒவ்வொரு குறியேற்றத்துக்கும் தனித்தனி போர்ட் (இணைப்பு வாயில்) திறந்து, நடுவில் நின்று மாற்றிக் கொடுத்தன.

தமிழுக்கு வருவோம். தமிழையும் எழுதக்கூடிய யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் அனுப்பியதை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான இலத்தீன்-1 என்று எடுத்துக்கொண்டு படித்தால், தலையில் சாய்கோடு ஏறிய ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக்குறியும் வரிசையாக வரும். ஆனால் ஒரு பைட்கூடக் கெடவில்லை. சரியான குறியேற்றத்தில் படித்தால் தமிழ் முழுதாகத் திரும்ப வந்துவிடும். கெடாததைச் சிதைவு என்று எப்படிச் சொல்வது?

சிதைவு வேறு. ஐஆர்சியில் ஒரு செய்திக்கு, வரிமுடிவையும் சேர்த்து, 512 பைட்தான் உச்சம். யூடிஎஃப்-8இல் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி) 15 ஆகிறது. நீளமான வரியைப் பைட் கணக்கில் வழங்கி வெட்டும்போது ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழலாம். தெரியாத எழுத்துக்குப் பதிலாக ஒரு செயலி கேள்விக்குறியைப் போட்டு அனுப்பினாலும் அப்படித்தான், மூலம் போயே போய்விட்டது. அதற்கு ‘எழுத்துச்சிதைவு’ என்ற சொல்லை வைத்துக்கொள்வோம். மீட்க முடிந்தால் பிறழ்வு, முடியாவிட்டால் சிதைவு. வெறும் கட்டங்களாகத் தெரிவது இரண்டிலும் சேராது. அது எழுத்துரு இல்லாத குறை.

‘குறிப்பிறழ்வு’ என்ற யோசனையும் வந்தது. அதைப் படிக்கிறவர் ‘குறிப்பு’ என்று பிரித்துவிடுவார், வேண்டாம். ‘குறியாக்கப் பிழை’யும் வேண்டாம், குறியாக்கம் என்பதைப் பலர் மறையாக்கத்துக்கும் (பிறர் படிக்க முடியாதபடி மறைத்து எழுதுவதற்கும்) பயன்படுத்துகிறார்கள்.

வினையாகவும் ‘பிறழ்வு’ எளிதாக வருகிறது. அரட்டைச் செயலிகளைத் தமிழாக்குவோர் இப்படி ஒரு வரி வைக்கலாம்: ‘இந்தச் செய்தியில் எழுத்துகள் பிறழ்ந்துள்ளன. வேறு குறியேற்றத்தைத் தேர்ந்து பார்க்கவும்.’ மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.