மறைந்தவரின் உடைகளைப் போர்வையாகத் தைக்க: எதை வெட்டலாம், எதை விடணும்?

கேள்வி – இழையோட்டம்
8 பருத்திச் சட்டை, 5 அச்சிட்ட டிஷர்ட், நூறு வருஷத்துக்கும் மேல் பழைய குடும்பப் பட்டுச் சால்வை ஒன்று. ஒரே ஒட்டுப் போர்வையாக்கணும். பார்த்தவுடனே அந்த ஆள்தான் என்று தெரியணும். வெறும் சதுரத் துண்டுகளாகப் போய்விடக் கூடாது. எப்படி வெட்டுவது? துவைத்துவிட்டுத்தான் தைக்கணுமா?

ஊசிக்காது
வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு உடையையும் முழுசாகப் படம் எடுத்து வையுங்கள்.

தைத்து முடிந்த கட்டம் (போர்வையின் ஒரு சதுரம்) 12 அங்குலம் என்றால் 13 அங்குலமாக வெட்டுங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு. கால் அங்குலம் புதுத் துணிக்குச் சரி, நைந்த துணியில் பிரிந்துவிடும். சட்டைக்கு முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று, டிஷர்ட்டுக்கும் அப்படியே. மொத்தம் 26. வரிசைக்கு ஐந்தாக 25 வைத்தால் 60க்கு 60 அங்குலம். மிச்சமுள்ள ஒன்றில் இஸ்திரிச் சூட்டைச் சோதித்துப் பாருங்கள்.

ஆளைக் காட்டுவது நிறமல்ல, தேய்மானம். பேனா மசி பட்ட பை, கையால் போட்ட ஒட்டு, மாற்றித் தைத்த பொத்தான் இதெல்லாம் கட்டத்துக்குள் விழுகிற மாதிரி வெட்டுங்கள். முன்பக்கத்தில் பொத்தானைப் போட்டு, பொத்தான் பட்டியின் திறப்பை மேலிருந்து கீழ்வரை தைத்து மூடிய பிறகே கத்தரி. இல்லாவிட்டால் கட்டம் வாய் பிளக்கும்.

டிஷர்ட் இழுபடும் துணி. 15 அங்குலமாகத் தோராயமாக வெட்டி, உள்பக்கம் மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரியால் அழுத்தி ஒட்டி, ஆறிய பிறகு 13க்குச் சீராக்குங்கள். இஸ்திரியை இழுத்துத் தேய்த்தால் துணி நீண்டு ஓரம் அலையலையாகிவிடும். அச்சின் மேல் நேராகச் சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஊசி பால்பாயிண்ட் (முனை உருண்டது); சாதா ஊசி கண்ணியை அறுக்கும்.

பழந்துணி
பட்டுச் சால்வையில் கத்தரி வைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பட்டில் எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றுவது வழக்கம். அப்படி ஏற்றிய பட்டு மடிப்பிலேயே வெடிக்கும், ஊசித்துளை ஒவ்வொன்றும் கிழிசலின் தொடக்கம். அதை வேறு துணிகளோடு இணைத்தால் போர்வையின் கனம் அதை இழுத்துக் கிழிக்கும். கஞ்சி நீக்கித் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து உருளையில் சுற்றி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் அடையும்.

துவைப்பதைப் பற்றி: தைப்பவற்றைத் துவைத்தே ஆகணும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் நாரை மஞ்சளாக்கும், பூச்சியை இழுக்கும். வாசனைக்காக வைக்கணும் என்றால் ஒரு சட்டையைத் துவைக்காமல் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அதைப் போர்வையில் சேர்க்காதீர்கள். (அப்போது கட்டம் இரண்டு குறையும், ஒன்றின் இடத்தில் அந்தச் சோதனைத் துண்டையே வையுங்கள், இன்னொன்றின் இடத்தில் சட்டைக் கைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்த கட்டம்.)

கண்ணிமுடிச்சு
ஒன்று விட்டுப்போச்சு: பெயர். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்த நினைவுப் போர்வையை 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன, ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி. பெயரைக் கண்ணில் படும்படி முன்பக்கமே போட்டார்கள். நீங்களும் பின்பக்க மூலையில் ஒளிக்காதீர்கள். மசி மங்கும், இரண்டிழை நூலில் சங்கிலித் தையல் போடுங்கள். அவர் கையெழுத்து எங்காவது இருந்தால் அதையே படியெடுத்துத் தைக்கலாம்.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு மெல்லியதாகப் போதும், இந்தத் துணிகளே கனம். மேல் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டிவிடுங்கள். அச்சுப் படத்தின் நடுவில் முடிச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.