மறு: மெய்க்காற்றா, தோற்றக்காற்றா? பாய்மரப் படகுச் சொற்கள்

> "மெய்க்காற்று, தோற்றக்காற்று என்று வைத்துக்கொள்ளலாம். வானியலில் தோற்றப் பொலிவு என்று ஏற்கெனவே புழங்குகிறோமே."

அண்ணா, வணக்கம். நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக true wind (கடல்மேல வீசுற காத்து), apparent wind (ஓடுற படகுமேல படற காத்து) ரெண்டுக்கும் நீங்க சொன்ன பேரைப் பத்தித்தான் எழுதுறேன். மெய்யும் தோற்றமும் ஜோடியா வந்தாலே நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு நிஜம் இன்னொண்ணு பொய்னுதான் மனசுல பதியும். நட்சத்திரம் கண்ணுக்கு எப்படி தெரியுதுங்கறதுதான் அங்க கேள்வி, அதனால வானியல்ல தோற்றம் பொருந்தும். படகுல கதையே வேற. பாய்க்கு தெரிஞ்சது ஒரே காத்து, மேல வந்து படற காத்து. படகைத் தள்ளுறதும் அதுதான், சாய்க்கிறதும் அதுதான், பாய்மர உச்சியில சுத்துற காத்துமானி அளக்கிறதும் அதைத்தான். நீங்க மெய்க்காற்றுன்னு சொல்றதை மானி நேரா அளக்கிறதே இல்ல, படகோட வேகத்தை கழிச்சு கணக்கு போட்டுத்தான் திரையில காட்டுது.

அதனால என் முன்மொழிவு மூணு சொல்: கடல்மேல வீசுறது வீசுகாற்று, படகு நகர்றதாலேயே எதிர்ல உண்டாகறது ஓட்டக்காற்று (காத்தே அசையாத நாள்லயும் பைக்ல போனா மூஞ்சில அடிக்குமே அது), இந்த ரெண்டும் திசையோட சேர்ந்து கிடைக்கிறது படுகாற்று. பள்ளிக்கூட இயற்பியல்ல படுகதிர்னு படிச்சிருக்கோம், பேச்சுலயும் "காத்து படற எடத்துல உக்காரு"ன்னு வீட்ல சொல்றோம், புதுசா யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

கணக்குல வச்சுப் பாருங்க. பக்கவாட்டுல நேரா 8 நாட் (நாட்ங்கறது மணிக்கு ஒரு கடல் மைல்) வீசுது, படகு 6 நாட் போகுதுன்னா படுகாற்று 10 நாட், அதுவும் பக்கத்துலேர்ந்து வராது, முன்பக்கமா நகர்ந்து அணியத்துலேர்ந்து (படகோட முன்முனை) சுமார் 53 பாகையில வரும்.

ஆபத்து எங்கன்னா காத்தோட போறப்ப. 15 நாட் வீசுது, படகு அதே திசையில 6 நாட் ஓடுது, மேல படறது வெறும் 9. வெயிலு, அமைதி, எல்லாரும் ஜாலியா உக்காந்திருப்பாங்க. அதே 6 நாட் வேகத்துல காத்து வர்ற திசைக்கு 45 பாகையில படகைத் திருப்பினா படுகாற்று கிட்டத்தட்ட 20 நாட் ஆயிடும், பாய்மேல விசை வேகத்தோட வர்க்கத்துல போறதால ஏறக்குறைய அஞ்சு மடங்கு அழுத்தம், பாயைச் சுருக்காம திருப்பினவன் அப்பதான் கயிறைத் தேடுவான். வீசுகாற்று கொஞ்சம்கூட மாறல. இப்படி ஆளைக் கவுக்கிற ஒண்ணுக்கு தோற்றம்னு பேர் வச்சா கத்துக்கிற பிள்ளைங்க அதை லேசா எடுத்துக்குவாங்க, எனக்கு அதான் பெரிய கவலை.

இன்னொண்ணு, 2012ல நமீபியாவோட வால்விஸ் பே-ல பால் லார்சன்ங்கற மாலுமி செயில்ராக்கெட் 2ங்கற பாய்மரப் படகை 500 மீட்டர் தூரத்துக்கு சராசரி 65.45 நாட்ல ஓட்டினார், வீசுகாற்று அதுல பாதிகூட இல்ல. பக்கவாட்டுக் காத்துல போறப்ப படகு வேகம் கூடக்கூட படுகாற்றும் கூடும், அந்தப் படகு ஓடினதே அதை நம்பித்தான்.

> "தம்பி, படுகாற்று கேட்க நல்லா இருக்கு. ஆனா படுமோசம், படுவேகம் மாதிரி பயங்கரக் காத்துன்னு எடுத்துக்க மாட்டாங்களா? அப்புறம் வீசுகாற்று எதைச் சார்ந்து, நிலத்தையா நீரையா?"

படுகதிரை யாரும் பயங்கரக் கதிர்னு படிக்கலையே அண்ணா, பக்கத்துல வீசுகாற்று நின்னா பொருள் தானா தெளிவாயிடும்.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். காத்தே இல்ல, கரையில கொடி தொங்கிக்கிட்டு கிடக்கு, ஆனா நீரோட்டம் 2 நாட்ல படகை இழுத்துட்டுப் போகுதுன்னு வைங்க. படகடியில இருக்கற வேகமானி தண்ணியைச் சார்ந்துதான் அளக்கும், அதனால சுழியம் காட்டும், மூஞ்சில 2 நாட் காத்து படும், கருவி அதையே வீசுகாற்றுன்னு காட்டும். தண்ணியைப் பொறுத்தவரை அது நிஜமாவே 2 நாட் காத்துதான், பாய் விரிச்சா அதுல ஓடவும் முடியும். வானிலை அறிக்கையில வர்றதோ நிலத்தைச் சார்ந்தது. கச்சான், வாடை, கொண்டல்னு நம்ம மீனவர்கள் பேர் வச்சதும் அடிக்கிற திசையை வச்சுத்தான், படகு எந்தப் பக்கம் போனாலும் கச்சான் கச்சான்தான். அதனால நீர்சார் வீசுகாற்று, நிலஞ்சார் வீசுகாற்றுன்னு அடைமொழி போட்டுப் பிரிச்சுக்கலாம். நிலக்காற்றுன்னு சுருக்க வேணாம், ராத்திரி கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கிற காத்துக்கு அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கு.

கோணத்துக்கும் அதே கவனம் வேணும். படுகோணம்னு எழுதினா ஒளியியல்ல செங்குத்துக்கோட்டுலேர்ந்து அளக்கிற கோணம் ஆயிடும், நமக்கு அணியத்துலேர்ந்து அளக்கணும். நீளமானாலும் பரவால்ல, படுகாற்றுக் கோணம்னு முழுசாவே போடுவோம். பட்டியல்ல வீசுகாற்று, ஓட்டக்காற்று, படுகாற்று மூணையும் ஒரே பதிவுல ஏத்திடலாமா?