'அக்லீஸ்' வரிசை: வாசகர்கள் இடறும் இடங்கள்

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் எதிர்கால நாவலான 'அக்லீஸ்' (2005) பற்றிப் பேச்செடுத்தால் '16 வயதில் எல்லோருக்கும் அழகு அறுவை' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் கதாநாயகி டாலி அந்தப் பிறந்தநாளுக்காக நாள் எண்ணிக்கொண்டிருப்பவள். தொடக்கத்தில் வரும் 'மார்ஃபோ' காட்சியை மெதுவாகப் படியுங்கள். முகத்தைச் சுவர்த்திரையில் ஏற்றி, நட்டநடுவே பிளந்து, இடப்பாதியை இரட்டித்தால் ஒரு முகம், வலப்பாதியை இரட்டித்தால் இன்னொன்று. பிறகு தோலைச் சுத்தமாக்கி, கண்ணைப் பெரிதாக்குவது. டாலிக்கு இது விளையாட்டு, அவள் தோழி ஷேவுக்குக் கசப்பு. கத்தி எடுப்பதற்கு முன்பே பாதி வேலை இங்கே முடிந்துவிடுகிறது.

*

அது சரி, ஆனால் மூளைப்புண் விஷயம் வந்ததும் கதை கொஞ்சம் சுலபமாகிவிடுகிறதே? மேடியும் ஆஸும் மருத்துவர்கள். மயக்கமருந்தால் வரும் கோளாறைத் தேடப்போய், அறுவை முடிந்தவர்களின் மூளையில் சிந்தனையை மழுங்கடிக்கும் சின்னச்சின்னப் புண்களைக் காண்கிறார்கள். தீயணைப்பு, மருத்துவம் மாதிரி சட்டென்று முடிவெடுக்க வேண்டிய வேலைக்காரர்களுக்கு மட்டும் அது இல்லை. வேகமாகப் படிப்பவர்கள் தாண்டிவிடும் வரி இது. அறுவையை நடத்தும் நகர நிர்வாகத்துக்கு எல்லாம் தெரியும் என்பதற்குச் சாட்சியே அதுதான். ஆனாலும், 'பாவம், புண்தான் அவர்களை அப்படி ஆக்கியது' என்று வாசகர் தப்பித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது.

*

முதல் நூலோடு நிறுத்தினால் அப்படித்தான் தோன்றும். அதே ஆண்டு வந்த 'பிரிட்டீஸ்' அந்த வழியை அடைக்கிறது. இதில் டாலியும் அறுவை முடிந்தவள். புண்ணுக்கு மருந்தாக மாத்திரை இரண்டு, இரண்டையும் ஒரே ஆள் விழுங்க வேண்டும். ஒன்றில் புண்ணைத் தின்னும் நானோக்கள் என்ற நுண்ணிய இயந்திரங்கள், மற்றது அவற்றை நிறுத்த. டாலியும் அவள் காதலன் ஸேனும் பயத்தில் ஆளுக்கொன்றாகப் பங்கு போடுகிறார்கள். தின்கிற மாத்திரை ஸேனுக்குப் போகிறது. நிறுத்த எதுவும் இல்லாததால் நல்ல மூளையும் கரைகிறது, தலைவலியில் தொடங்கி நடுக்கம் வரை. டாலி விழுங்கியதோ எந்தப் புண்ணையும் ஆற்றாத மாத்திரை. ஆனாலும் அவள் தெளிந்துவிடுகிறாள்! அப்படியானால் புண்ணை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

*

தமிழாக்க முயற்சிகளுக்கு ஒரு வார்த்தை: 'அக்லி'யை 'அசிங்கம்' என்று பெயர்க்காதீர்கள். அங்கே அது வசவு அல்ல, படிவத்தில் நிரப்பும் பிரிவு மாதிரி. சிறுபிள்ளை, அக்லி (அறுவைக்கு முன்), பிரிட்டி (அறுவைக்குப் பின்) என்று வயதோடு மாறிக்கொண்டே போவது. 'அசிங்கம்' என்றதும் தமிழ்க் காதுக்கு யாரோ திட்டுவது போலிருக்கும். 'அழகிலி' பரவாயில்லை.