கை திறக்கும் நேரம்

செவ்வரத்தை, கல்வியங்காடு

ருமற்றொயிட் ஆர்த்திரைற்றிஸ் என்று எழுதப்பட்ட கிளினிக் கொப்பி என் கைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நம்முடைய நிர்ப்பீடனத் தொகுதியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வருகின்ற நோய் இது என்பதையும், மூட்டுத் தேய்வில் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும் காலை விறைப்பு இதில் ஒரு மணி நேரத்தையும் தாண்டி நிற்கும் என்பதையும் நான் விளங்கிக்கொள்வதற்குள், வாதக்குளிர் என்று எண்ணெய் தந்தவர்களிடமும், நோவுக் குளிசையை மட்டும் தந்து அனுப்பிய வைத்தியர் ஒருவரிடமும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு போய்விட்டது. அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அதற்குப் பின்னர் கிளினிக் வாங்கில் சந்தித்த ஓர் அம்மாவைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

அவர் வேலணையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். இலக்கம் எடுத்துவிட்டு என் அருகில் அமர்ந்து, பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியையும் ஒரு கரண்டியையும் எடுத்தார். அந்தக் கரண்டியின் பிடியில் பழைய நூல்சேலைக் கிழிசலைச் சுற்றிச் சுற்றி, ஒரு பனங்கிழங்கின் பருமனுக்குக் கொண்டுவந்து, மேலே தையல்நூலால் நெருக்கமாகக் கட்டியிருந்தார். விரல் முழுதாக மடங்காவிட்டாலும், பிடி பருத்திருந்தால் கரண்டி உள்ளங்கைக்குள் நிற்கும் என்று எனக்குக் காட்டினார். என் விரல்களையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை, உனக்கு விடிய எத்தினை மணிக்குக் கை திறக்கும்?" என்று கேட்டார்.

விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வைத்தியர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். கை எப்போது திறக்கும் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடை திறப்பதைப் போல, கோயில் நடை திறப்பதைப் போல, அதற்கும் ஒரு நேரம் இருப்பதாக அவர் இயல்பாகக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"எட்டரை ஆகுமம்மா."

"அதுமட்டும் என்ன செய்வாய்?"

"ஒண்டும் செய்யேலாது. சும்மா இருப்பன்."

"சும்மா இருக்கேக்கை என்னத்தைப் பாக்கிறனி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. கட்டிலில் இருந்தபடி மணிக்கூட்டைப் பார்ப்பதும், அவியாத இடியப்பத்தையும் கூட்டாத முற்றத்தையும் மகளுக்குப் பின்னாத தலையையும் மனதுக்குள் எண்ணுவதும்தான் அந்த நாட்களில் என் காலையாக இருந்தது. மறுநாள் கணவரிடம் சொல்லி, கதிரையைப் பின்விறாந்தைக்கு மாற்றினேன். ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, அதற்குள் இரு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்திக்கொண்டு, பூவரசு வேலியைப் பார்த்தபடி அமர்ந்தேன்.

அங்கே ஒரு செண்பகம் இருந்தது. எங்கள் வளவில் பல காலமாக அது இருந்திருக்க வேண்டும். பறப்பதை விட நடப்பதையே விரும்புகின்ற அந்தப் பறவை, செம்பு நிறச் சிறகை மடித்துக்கொண்டு, சருகுகளுக்குள் ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுத்து வைப்பதைப் போல வேலியோரமாக வந்து, கிணற்றடி ஈரத்தில் எதையோ கொத்திவிட்டுச் சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தது. காற்று வாகாக இருந்த நாட்களில் நல்லூர் மணியோசையும் கேட்டது. குசினிக்குள் என் கணவர் இடியப்ப உரலை இரண்டு கைகளாலும் அழுத்துகின்ற சத்தமும், நீத்துப்பெட்டியில் பிட்டு அவிகின்ற நாட்களில் அந்த வாசமும் என்னிடம் வந்தன. தண்ணீருக்குள் முதலில் சின்னவிரல் அசையும். பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. பெருவிரல் கடைசியாகத்தான் வரும். இப்போது அந்த ஒழுங்கு எனக்கு மனப்பாடம். நோய் என்னிடமிருந்து பறித்துக்கொண்ட நேரமென்று நான் நினைத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான், இத்தனை ஆண்டுகளும் அடுப்படியில் நின்றபடி காணாமல் விட்ட என் சொந்த வளவை முதன்முதலாகக் கண்டேன்.

வலி குறைந்துவிட்டது என்று இதனால் எவரும் நினைத்துவிட வேண்டாம். வலியைக் குறைத்தது மருந்துதான். வெள்ளி இரவுகளில் மெதோற்றெக்சேற் எடுக்கிறேன். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது. நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகும். அதனுடன் தருகின்ற ஃபோலிக் அசிட்டை வேறொரு நாளில் எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த இரண்டு குளிசைகளும் மஞ்சள் நிறமாக இருந்தபடியால், இரண்டையும் வெவ்வேறு போத்தல்களில், வெவ்வேறு தட்டுகளில் வைத்திருக்கிறேன். இந்த நோயோடு இருப்பவர்கள் இந்த ஒரு விடயத்தைத் தயவுசெய்து மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் ஓங்காளமும் அசதியுமாகப் படுத்திருப்பேன். அன்று சமையலும் இல்லை, செண்பகமும் இல்லை.

நல்லூர்த் திருவிழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து நாள் விழாவில் இருபத்துநான்காம் நாள் காலையில் தேர். சிறுவயது முதல் ஒரு தேரையும் தவறவிடாத எனக்கு, நோய் வந்த பின் அந்த நேரத்தில் கணுக்கால் திறப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்து அழுதேன். மூன்றாம் ஆண்டு, தேருக்கு முதல் நாள் மாலை நடக்கின்ற சப்பரத்துக்குப் போனேன். பகல் முழுவதும் வெயிலை வாங்கியிருந்த வீதி மணல், வீங்கிய பாதங்களுக்கு அடியில் வறுத்த உப்பு ஒத்தடம் போல இளஞ்சூடாக இருந்தது. விளக்கொளியில் சப்பரம் அசைந்து வந்தபோது, நான் ஒருவரையும் பிடிக்காமல் என் சொந்தக் கால்களில் நின்று கும்பிட்டேன். இப்போது எனக்குத் தேர் என்றால் அதுதான்.


மூக்குப்பேணி, அளவெட்டி

தங்கச்சி, உங்களுடைய பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் இரண்டு நாட்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொள்கின்றவன். எனக்குக் கை திறப்பதில் பிரச்சினை இல்லை, தண்ணீரில்தான் பிரச்சினை. நாளுக்கு முக்கால் லீற்றர் என்று எனக்கு அளந்து தந்திருக்கிறார்கள். தேத்தண்ணி, சொதி, குளிசை விழுங்குகின்ற மிடறு எல்லாமே அந்தக் கணக்குக்குள் அடங்கும்.

என் தாயாருடைய மூக்குப்பேணி ஒன்று பரணில் கிடந்தது. அதைப் புளி போட்டு மினுக்கி எடுத்து, என் தண்ணீரை அதிலேயே அளந்து குடிக்கிறேன். அதன் மூக்கிலிருந்து மெல்லிய நூலாக நாக்கில் விழுகின்ற தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போது, ஒரு மிடறு நான்கு மிடறாக நீள்கிறது. தண்ணீருக்கு ருசி உண்டு என்பதும், எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் போத்தல் தண்ணீருக்கும் ருசி வேறு என்பதும் அறுபத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது.

கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தையும் இளநீரையும் விடச் சொன்னதுதான் மிகக் கடினமாக இருந்தது. அவற்றிலுள்ள பொற்றாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதபோது, அது இரத்தத்தில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடக் கூடும் என்று தாதி ஒருவர் பொறுமையாக விளக்கினார். இப்போது மாம்பழக் காலத்தில் காய்களை வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடுவது என் பொறுப்பு. விடிந்ததும் வைக்கோலை விலக்கி ஒவ்வொன்றாக மணந்து பார்த்து, அன்றைக்குப் பதமான பழத்தைத் தெரிந்து, தோல் சீவிப் பேத்திக்குக் கொடுப்பேன். அவளுடைய முழங்கை வரை சாறு வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. மனப்பூர்வமாகவே இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஊசி ஏற்றுவதற்காக என் இடது கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் உள்ளே இடைவிடாமல் அதிர்வது தெரியும். அந்த அதிர்வு இருந்தால்தான் இணைப்பு வேலை செய்கிறது என்று பொருள். அதை நாளாந்தம் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அந்தக் கையைப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருந்தது, எப்போதும் நீளக் கைச் சட்டைதான் போடுவேன். ஒரு நாள் மதியம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தபோது, பேத்தி வந்து அந்தக் கையில் காதை வைத்துப் படுத்துவிட்டாள். நான் அசையவில்லை. வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பப்பா, உங்கட கைக்குள்ள கீரிமலைக் கடல் இரையுது" என்றாள். அன்று தொடக்கம் காலையில் இணைப்பைச் சரிபார்ப்பது அவளுடைய வேலை. பாடசாலைக்குப் புறப்படும் முன் சப்பாத்தோடு ஓடிவந்து காதை வைத்து, "இரையுது" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். நான் இப்போது அரைக் கைச் சட்டை போடுகிறேன்.


செவ்வரத்தை, கல்வியங்காடு

ஐயா, நீங்கள் எழுதியதை மகள் எனக்கு உரக்க வாசித்தாள். வாசித்து முடித்ததும் தன்னுடைய காதை என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை என்று கவலைப்பட்டாள்.

எங்கள் வளவில் நிற்கின்ற கறுத்தக் கொழும்பான் இம்முறை நன்றாக வடு பிடித்திருக்கிறது. முற்றியதும் உங்களுடைய பேத்திக்கு ஒரு கடகம் அனுப்புகிறேன். கொக்கத்தடி பிடிக்க என் கைக்கு வலு இல்லை, மகள் பறிப்பாள். எட்டரைக்குப் பிறகு பறித்தால், காம்பை நறுக்கிப் பால் வடிய விடுகின்ற வேலையை நானே செய்வேன். வைக்கோல் உங்களிடம் இருக்குமல்லவா?