முதல் அமர்விலேயே 4 செ.மீ. விலகல்: எதை எழுதுவது, யாருக்கு?

கேள்வி: செம்பூர் இயற்பியலாளர்

மும்பையில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக மருத்துவ இயற்பியலாளராகப் பணிபுரிகிறேன். மலக்குடல் புற்றுநோய்க்காக 25 அமர்வுகளில் 45 கிரே (உடல் ஏற்கும் கதிரளவின் அலகு) பெறவேண்டிய ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்துச் சிகிச்சையைத் தொடங்கினோம். தோலில் குத்திய டாட்டூ புள்ளியிலிருந்து ஐசோசென்டர் (கதிர்கள் சந்திக்கும் மையப்புள்ளி) அவருடைய இடப்பக்கம் 2 செ.மீ. தள்ளி அமைந்திருக்க வேண்டும். வலப்பக்கம் 2 செ.மீ. தள்ளி அமைந்துவிட்டது. அன்று லினாக்கின் (கதிர் பாய்ச்சும் கருவியின்) படமெடுக்கும் தட்டு பழுதாகியிருந்ததால், மறுநாள் எடுத்த படத்தில்தான் இது தெரியவந்தது. "25இல் ஒன்று, 4 சதவீதம்தானே, இனிமேல் சரியாகக் கொடுத்தால் போதும்" என்கிறார் எங்கள் பிரிவின் மூத்தவர். எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை. எதை எழுதுவது, யாரிடம் கொடுப்பது?

பதில் 1: மாட்டுங்கா, பணி ஓய்வு பெற்றவன்

அந்த 4 சதவீதம் சராசரிக் கணக்கு. கதிர் சராசரியாக விழுவதில்லை. சிகிச்சைத் திட்டத்தின் நகலில் ஐசோசென்டரை 4 செ.மீ. நகர்த்தி ஒரே ஓர் அமர்வுக்கு மறுகணக்கிட்டு, மீதமுள்ள 24 அமர்வுகளோடு கூட்டிப் பாருங்கள். இலக்கின் எந்த ஓரம் 1.8 கிரேயை இழந்தது, எதிர்ப்புறத்தில் குடலோ தொடை எலும்பின் தலையோ எவ்வளவு பெற்றது என்பது அதில் தெரியும். ஈடுசெய்ய வேண்டுமா என்பதை அந்தத் தாளைப் பார்த்துப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும். நோயாளியிடம் சொல்லும் பொறுப்பும் அவருடையதே.

பழைய பதிவை அழித்து எழுதாதீர்கள். ஒற்றைக் கோடிட்டு அடித்து, தேதியுடன் கையொப்பமிடுங்கள். அறிக்கை முதலில் உங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கும் நிர்வாகத்துக்கும் போகட்டும். 2004ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் இவ்விருவர் மீதும் கடமைகளைச் சுமத்துகின்றன; அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடனான தொடர்பு அவர்கள் வழியாகவே நடக்க வேண்டும். வாரியத்தின் அலுவலகம் உங்களுக்குப் பக்கத்திலேயே, அணுசக்தி நகரில்தான் இருக்கிறது என்பதற்காக நேரே போய் நிற்க வேண்டாம்.

பதில் 2: சயான் டெக்னாலஜிஸ்ட்

மன்னிக்கவும், ஐயா, அறிக்கையில் முதலில் வரவேண்டியது வேறொன்று. மல்லாந்து படுத்தவரின் இடக்கை எந்தச் சுவரின் பக்கம் இருக்குமோ, குப்புறப் படுத்தவருக்கு அதன் எதிர்ச்சுவரின் பக்கம் இருக்கும். நோயாளியை எப்படிப் படுக்கவைப்பது என்று குறிக்கும் அமைப்புத் தாளில் "இடம் 2" என்று மட்டும் கையால் எழுதியிருந்தால், காலை எட்டு மணிக்கு வரிசையில் முப்பது பேர் காத்திருக்கையில் யாரும் தவறக்கூடும். "டெக்னாலஜிஸ்டின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிட்டால், அந்தத் தாள் அப்படியேதான் இருக்கும். அதைவிட, படத்தட்டு பழுதான நாளில் ஒரு புதிய நோயாளிக்கு முதல் அமர்வைத் தொடங்கலாம் என்று யார், எந்த நடைமுறையின்படி அனுமதித்தார் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், பொறுப்பின் பெயர் போதும்.

பதில் 3: நவி மும்பை

பிரான்சின் எபினால் மருத்துவமனையில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மிகைக் கதிரளவு பெற்றார்கள். கதிரின் செறிவைச் சாய்வாக மாற்றும் ஆப்பு வடிவ வடிகட்டியின் வகை மாறியதும், மென்பொருள் அங்குள்ளோரின் தாய்மொழியில் இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மருத்துவமனைக்குள் 2005இலேயே தெரிந்த இச்செய்தி ஒழுங்குமுறை அமைப்பை எட்டியது 2006இல்தான். உங்கள் நிகழ்வு அந்த அளவினதன்று. ஆனால் மூத்தவரின் "போதும்" என்ற சொல் எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் சேஃப்ரான் என்னும் தன்னார்வப் பதிவேட்டிலும் இதைச் சேர்க்கலாம். கதிர் பாயும் முன்பே பிடிபட்ட பிழைகளையும் அது ஏற்கிறது.

செம்பூர் இயற்பியலாளர்

அனைவருக்கும் நன்றி. மறுகணக்கீட்டை மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன். நாளை நோயாளியின் குடும்பத்தாரோடு பேசுகிறார். பழைய அமைப்புத் தாள்களைப் புரட்டியபோது, குப்புறப் படுத்த இன்னொருவருக்கும் "வலம்" என்பதை அடித்து "இடம்" என்று திருத்தியிருப்பதைக் கண்டேன். தேதியும் இல்லை, கையொப்பமும் இல்லை. அதையும் அறிக்கையோடு இணைக்கிறேன்.